யாபுவெலா என்றால் என்ன அர்த்தம்

எங்கள் ஊரில் பதினோரு யாபுவெலாக்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் கூப்பிட்டுக் கூப்பிட்டு வெறுத்துப்போய்க் கடைசியில் நம்பர் போட்டுவிட்டார். என் மகள் இரண்டாம் நம்பர். முதல் நம்பர் பக்கத்து வீட்டுப் பெத்திதாவின் மகள். அந்த முதல் நம்பர்தான், மாந்தாவில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்து ஒரு பருவம் முடித்து லீவுக்கு வந்த மூன்றாம் நாள், நாங்கள் மீன் வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்று, "நாளைக்கு ஹிபிஹாபா பதிவு ஆபீசுக்குப் போறேன். என் பேரை மாத்தப்போறேன்" என்றாள்.

சொன்ன நேரத்தைப் பாருங்கள். மூன்று படகு ஒன்றாகக் கரையேறிய காலை. முழங்கால் உயரத்துக்குத் தொராதோ மீன் குவிந்து கிடந்தது. மேலே நாலு நாளாக விடாத பூந்தூறல். கூழைக்கடாக்கள் குடலுக்காக எங்கள் காலைச் சுற்றிச் சுற்றி நடந்தன. எங்கள் லாஸ் காபுயாஸ் கரையில் ஆண்கள் மீனைப் பிடித்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். வெட்டுவதும் கழுவுவதும் ஐஸ் போட்டு லாரியில் ஏற்றுவதும் நாங்கள்தான். லாரிக்காரன் பத்து மணிக்கு ஹார்ன் அடிக்கிறவன், ஒரு நிமிஷம் பொறுக்கமாட்டான்.

பெத்திதா தலை நிமிரவில்லை. ஒரு மீனின் வயிற்றில் இறங்கிய கத்தி மட்டும் அப்படியே நின்றது. அவள் பேசமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் பேசினேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. பத்தாவதாகப் பிறந்தவள் என்று என் அப்பன் எனக்குத் தேசிமா என்று பேர் வைத்தான், அவ்வளவுதான் அவனுக்கு யோசனை. பத்துப் பேருக்கு நடுவில் கத்தாதவளுக்குச் சோறு கிடைக்காது.

"ஏண்டீ, நல்லாத்தானே இருக்கு பேரு. அதுக்கு என்ன கேடு வந்துச்சு?"

"உங்களுக்கென்ன அத்தை, இந்தக் கரையை விட்டு வெளியே போனதில்லை. மொத நாள் வகுப்புல வாத்தியார் பேர் வாசிக்கிறாரு. என் பேர் வந்ததும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பாக்குறாரு. 'யா... அபுவெலா? என்னம்மா, இப்பவே பாட்டியாயிட்டியா?'ன்னாரு. அம்பது பேரும் கொல்லுனு சிரிச்சாங்க. அன்னையிலருந்து நான் பாட்டிதான். பஸ்ல ஏறினா 'பாட்டிக்கு எடம் விடுங்கடா'ங்கிறானுங்க. சாப்பிடப் போனா 'பாட்டிக்குப் பல்லில்ல, சூப்பு மட்டும் ஊத்துங்க'ங்கிறாளுங்க. அடுத்த பருவம் ஆசுபத்திரிக்கு அனுப்புவாங்க. சட்டையில பேர் தைக்கணும். சாகக் கெடக்கிறவன்கூட எந்திரிச்சு உக்காந்து சிரிப்பான்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் அந்தப் பேரைச் சொல்லும்போது யாருக்கும் பாட்டி ஞாபகம் வராது. மாந்தாக்காரன் காதில் மட்டும் 'அபுவெலா', பாட்டி என்று விழும் போலிருக்கிறது.

"அவங்களுக்கு அர்த்தத்தைச் சொல்ல வேண்டியதுதானே."

"என்ன அர்த்தம்னு சொல்ல? அம்மா 'இதோ பறக்குறா'ங்கிறாங்க. எதுக்குப் பறக்கணும், எங்க பறக்கணும்னு கேட்டா பதிலில்ல. மேட்டுத்தெரு பாஸ்டர், யாவேன்னா கடவுள், அதுலருந்து வந்த எபிரேயப் பேருங்கிறாரு. ஒன்பதாம் நம்பரோட அம்மா ஏதோ பாட்டுக்காரி பேருங்கிறா. இதைக் கேளுங்க." மடியிலிருந்து போனை எடுத்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாசித்தாள். "'யாபுவெலா. மூலம்: ஆப்பிரிக்கா. பொருள்: அலைகளின் இளவரசி. அதிர்ஷ்ட எண்: ஏழு. இந்தப் பேர் உள்ளவர்கள் மென்மையானவர்கள், இசையில் நாட்டம் உண்டு. பிரபலம்: கடந்த பத்தாண்டில் உயர்ந்துவருகிறது.'"

"எவன் எழுதினான்? உனக்கு ஒரு பாட்டு ஒழுங்கா வருமா?"

"அதைத்தான் சொல்றேன். அர்த்தமே இல்லாத பேரு. புதுச் சட்டப்படி பதினெட்டு வயசானா ஒரு தடவை மாத்திக்கலாம். காரணம்கூடச் சொல்ல வேணாம். நான் எமிலின்னு வச்சுக்கப்போறேன்."

"எமிலியா? மாந்தாவில கல்லெறிஞ்சா நாலு எமிலி மேல விழும்."

"விழட்டும். யாரும் சிரிக்கமாட்டாங்கல்ல?"

அப்போதுதான் பெத்திதா வாயைத் திறந்தாள். "ஐஸ் தூக்கிட்டு வா" என்றாள். அவ்வளவே. மகள் வாளியை எடுத்துக்கொண்டு போனதும், கத்தியைக் கீழே வைக்காமல் என் பக்கம் திரும்பினாள். அவள் கண் சிவந்திருந்தது. தூறல் என்று சொல்லிவிடலாம்.

"அக்கா, நீதான் அவகிட்டப் பேசணும். மாத்தவேணாம்னு சொல்லு."

"ஏன்னு கேப்பாளே."

"அதைச் சொல்லாம மாத்தவேணாம்னு சொல்லு."

"அது எப்படிடி?"

"உனக்குத்தான் வாய் இருக்கே" என்றாள்.

அந்த வாயைப் பற்றித்தான் நான் இப்போது சொல்ல வேண்டும். நீஞ்ஞோ வருஷம், கடல் வெந்நீராகி மீனெல்லாம் ஆழத்துக்கு ஓடிப்போன வருஷம். எங்கள் ஆண்கள் என்றும் போகாத தூரத்துக்குப் போனார்கள். ஒரு நாள் மதியம் வானம் இருண்டு காற்று சுழற்றியடித்தது. மூன்று படகு வெளியே. பெத்திதாவின் புருஷன் ஓல்கர் மட்டும், கவிழ்ந்த இரண்டு படகிலிருந்து ஆறு பேரைப் பொறுக்கித் தன் படகில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்துசேர்ந்தான். கரையில் நாங்கள் எல்லோரும் நின்றோம். ஆறு பேரும் இறங்கினார்கள். என் புருஷன் வாஷிங்டன் இல்லை.

நான் கத்தினேன். "என் வாஷிங்டன் எங்கடா? என் புருஷனை விட்டுட்டு வந்துட்டியேடா!" என்று மார்பில் அடித்துக்கொண்டு கத்தினேன். வயிற்றில் மூன்று மாதம் எனக்கு. பக்கத்தில் பெத்திதா எட்டு மாத வயிற்றோடு நின்றாள். ஓல்கர் என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "யா புவெல்வோ" என்றான். இதோ வந்துடுறேன் என்றான். அவன் எங்கே போனாலும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போவான். கடைக்குப் போனாலும், கடலுக்குப் போனாலும். படகின் மூக்கிலேயே அதைத்தான் நீல பெயின்ட்டில் எழுதி வைத்திருந்தான். படகைத் தள்ளி ஏறினான். போய்விட்டான்.

என் வாஷிங்டனை அதற்கு முன்பே ஒரு இறால் கப்பல் தூக்கியிருந்தது. இரண்டு நாள் கழித்து, யாருடைய கால்சட்டையையோ போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். நான்காம் நாள் ஓல்கரின் படகு வடக்கு மணல்திட்டில் ஒதுங்கியது. ஆள் இல்லை. மூக்குப் பலகை முறிந்து கடைசி 'வோ' போயிருந்தது. "யா புவெல்" என்று மட்டும் நின்றது.

அடுத்த மாதம் பெண் குழந்தை பிறந்தது. பதிவு ஆபீசில் என்ன பேர் என்று கேட்டதற்கு, "பலகையில் இருப்பதை எழுதுங்க" என்று பெத்திதா சொன்னாள். பெண் பேர் என்றால் 'ஆ'வில் முடிய வேண்டும் என்று எழுதுகிறவர் ஓர் 'ஆ'வை ஒட்டவைத்தார். யாபுவெலா ஆனது. ஞானஸ்நானத்தில் பாதிரியார், இப்படி ஒரு புனிதை இல்லவே இல்லை என்று சண்டை போட்டு, பின்னால் மொன்செராத்தே என்று மாதாவின் பேரைச் சேர்த்தார். ஐந்து மாதம் கழித்து எனக்குப் பெண் பிறந்தாள். நானும் அதே பேரை வைத்தேன். வேறு என்ன செய்யமுடியும் என்னால்? கரையேறிய ஆறு பேரும் தங்களுக்குப் பெண் பிறந்தபோது அதையே வைத்தார்கள். பிறகு காரணம் தெரியாதவர்களும் ராசியான பேர் என்று வைத்தார்கள். பக்கத்து ஊர்களுக்குப் போனது. இப்போது மாந்தா ஆசுபத்திரியில்கூட யாரோ ஒருத்தி பெற்றுப்போட்டு வைத்திருக்கிறாளாம். அலைகளின் இளவரசி!

பெத்திதா ஊரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். படகில் என்ன எழுதியிருந்தது, அவன் கடைசியாக என்ன சொன்னான் என்பதை மகளிடம் யாரும் சொல்லக்கூடாது. "நான் காத்துக்கெடக்குறது போதும். அவளும் வாசலைப் பாத்துக்கிட்டே வளரவேணாம்" என்றாள். கையில் மீன் கத்தியோடு சொன்னாள். ஊரே வாயைக் கட்டியது. கடற்கரை ஊர் வாயைக் கட்டுவதென்றால் சாதாரணமா? அந்த வீட்டில் யாரும் "இதோ வந்துடுறேன்" என்று சொல்லமாட்டார்கள். "போறேன்" என்பார்கள், அவ்வளவுதான். அம்மாவுக்கு ஏதோ கிறுக்கு என்று மகள் நினைத்துக்கொண்டு வளர்ந்தாள்.

என்னிடம் மட்டும் பெத்திதா ஒரு வார்த்தை கேட்டதில்லை. பதினெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்துப் பலகையில் மீன் வெட்டுகிறோம். ஒரே கல்லில் கத்தி தீட்டுகிறோம். நீ கத்தினாய், அவன் போனான் என்று ஒரு நாளாவது சொல்லியிருந்தால் காலில் விழுந்து அழுதிருப்பேன். அவள் சொல்லவில்லை.

லாரி போன பிறகு பெத்திதா வாழைக்காய் வாங்க மேட்டுக்குப் போனாள். வேண்டுமென்றே போனாள். நானும் யாபுவெலாவும் பலகைகளைக் கழுவினோம். நான் சுற்றிவளைத்துப் பார்த்தேன். பேரை மாற்றினால் எல்லாக் காகிதமும் மாற்ற வேண்டும் என்றேன். மாற்றுவேன் என்றாள். மாதா கோபித்துக்கொள்வாள் என்றேன். மாதா பேரை அப்படியே வைத்துக்கொள்கிறேன் என்றாள்.

"உங்க அம்மா மனசு ஒடிஞ்சிரும்டி."

"எங்க அம்மா மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? எதைக் கேட்டாலும் ஐஸ் தூக்கிட்டு வாங்கிறாங்க. காரணம் சொல்லட்டும் அத்தை. ஒரே ஒரு காரணம். நான் மாத்தலை."

நியாயமாகத்தானே கேட்கிறாள். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. "பலகையோட அந்தப் பக்கத்தைப் பிடி" என்றேன்.

"எதுக்கு?"

"பிடிடி. திருப்பு."

அது அவள் அம்மா மீன் வெட்டும் பலகை. இவள் நடக்கக் கற்றுக்கொண்டதே அதைப் பிடித்துக்கொண்டுதான். இரண்டு பேரும் அதைத் தூக்கிக் கவிழ்த்தோம். அடியில் பதினெட்டு வருஷத்து ரத்தமும் செதிலும் அப்பியிருந்தது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தேன். நீலம் தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது. அவள் வாய்விட்டு வாசித்தாள்.

"யா... புவெல்... என் பேரு. ஏன் பாதியில நிக்குது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் கத்தியதை ஒளிக்கவில்லை. அவன் அவள் அம்மாவைப் பார்த்ததையும், இறால் கப்பலையும், பஸ்ஸில் வந்து இறங்கிய வாஷிங்டனையும் சொன்னேன். அவள் குத்தவைத்து உட்கார்ந்து அந்த முறிந்த முனையை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப உங்களாலதான்" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"வாஷிங்டன் மாமா அப்ப உசிரோடத்தான் இருந்தாரு."

"ஆமாடி."

ஒரு கூழைக்கடா பக்கத்தில் வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தது. அவள் அதை விரட்டவில்லை. எழுந்தாள். என்னைப் பார்க்காமல், "போறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். பலகையைத் திருப்பி வைக்க என் ஒருத்தியால் முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை வேலி ஓரமாகத்தான் நின்றேன். ஒட்டுக்கேட்கவா என்றால், ஆமாம், ஒட்டுக்கேட்கத்தான். பெத்திதா அடுப்படியில் துருவிய வாழைக்காயையும் நிலக்கடலையையும் பிசைந்து, நடுவில் மீன் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். மகள் வெளுத்த சட்டையும் கையில் காகித உறையுமாக வாசலுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"ரெண்டு எடுத்துட்டுப் போ. சூடா இருக்கு" என்றாள் பெத்திதா.

"வந்து சாப்பிடுறேன்."

வாசற்படியில் இறங்கினவள் நின்றாள். திரும்பினாள்.

"அம்மா, இதோ வந்துடுறேன்."

பெத்திதாவின் கை மாவுக்குள் நின்றுவிட்டது. அவள் மகளைப் பார்த்தாள், பிறகு வேலிக்கு மேலே என்னைப் பார்த்தாள். மகள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

கரைக்கு வந்தபோது பலகை எழுத்து மேலே தெரிய மல்லாந்து கிடந்தது. பெத்திதா அதன் முன்னால் நின்றாள். திருப்பு என்று சொல்வாள் என்று ஒரு முனையைப் பிடித்தேன். அவள் தண்ணீர் ஊற்றினாள். நாரை எடுத்து, நான் விட்டுவைத்த மூலைகளைத் தேய்த்தாள். பிறகு அதைத் தொடாமல் என் பலகைக்கு எதிர்ப்பக்கமாக வந்து நின்றுகொண்டு, என் மீனை எடுத்து வெட்ட ஆரம்பித்தாள்.

ஹிபிஹாபா பஸ் ஒரு மணிக்கு வரும். ஒரு மணி பஸ் வந்தது. உரமூட்டையோடு ஓர் ஆளும், கோழிக்கூடையோடு ஒருத்தியும் இறங்கினார்கள். பஸ் போய்விட்டது.

"கூட்டமா இருக்கும்" என்றேன்.

பெத்திதா தலையாட்டினாள்.

"ஆபீஸ்ல சாப்பாட்டுக்கு மூடியிருப்பான்."

அதற்கும் தலையாட்டினாள். வேலை முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவள் போகவில்லை. கழுவின கத்தியையே மறுபடி மறுபடி கழுவினாள். தூறல் வலுத்தது. இரண்டு மணி ஆனது. இரண்டரை ஆனது. அந்த வார்த்தையை ஏன் சொல்லிவிட்டுப் போனாள் இந்தப் பெண்? நான் ஏன் வாயைத் திறந்தேன்?

"பெத்தி, என்னை மன்னிச்சிரு" என்றேன். "நேத்து சொன்னதுக்கு இல்லை. அன்னைக்குக் கத்தினதுக்கு."

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "நீ கத்தலேன்னாலும் அவரு போயிருப்பாருக்கா."

"என்னடி சொல்றே?"

"ஆறு பேரை எறக்கிவிடும்போதே படகுக் கயித்தைக் கட்டல. கையில சுத்தி வச்சிருந்தாரு. நான் பாத்தேன். திரும்பப் போகப்போறாருன்னு எனக்குத் தெரியும். நீ அதுக்கப்புறம்தான் கத்தினே." கொஞ்சம் நிறுத்தினாள். "போகாதீங்கன்னு நான் கத்தியிருக்கலாம். உன் வயித்தைப் பாத்துட்டு சும்மா நின்னேன்."

பதினெட்டு வருஷம். கடவுளே, பதினெட்டு வருஷம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு அவளும், அதை வைத்துக்கொண்டு நானும், ஒரே கல்லில் கத்தி தீட்டியிருக்கிறோம். நான் ஓவென்று அழுதுவிட்டேன். மீன் நாற்றமடிக்கும் கையாலேயே அவள் என் முதுகைத் தட்டினாள்.

மூன்று மணி பஸ் வளைவில் திரும்பும்போதே கதவில் வெள்ளைச் சட்டை தொங்கிக்கொண்டு வந்தது. நிற்பதற்குள் குதித்தாள். காகித உறையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மணலில் ஓடிவந்தாள்.

"எங்கடி போனே இவ்வளவு நேரம்?" என்று நான்தான் கத்தினேன்.

"வரிசை அத்தை. என் முறை வந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரு, புதுப் பேரு என்னன்னாரு. எமிலின்னு சொல்ல வாய் வரலை. சும்மா நின்னேன். பழைய பேரைப் பாத்துட்டு, இதுக்கு என்னம்மா அர்த்தம்னு கேட்டாரு." மூச்சு வாங்கியது அவளுக்கு. "'இதோ வந்துடுறேன்'னு அர்த்தம் சார்னு சொன்னேன். 'அப்ப போயிட்டு வாம்மா, அடுத்த ஆளு'ன்னுட்டாரு."

"அப்புறம்?"

"வெளிய பெஞ்சில உக்காந்தேன். பஸ்ஸை விட்டுட்டேன். திரும்ப உள்ள போகலை."

"மாந்தாவில பாட்டின்னு சொல்வாங்களேடி."

"சொல்லட்டும். சிரிச்சு முடிக்கட்டும். அப்புறம் நான் அர்த்தம் சொல்றேன்."

பெத்திதாவின் கையில் கத்தி, கண் மகள்மேல். யாபுவெலா அந்தக் கத்தியை மெதுவாக வாங்கிப் பலகையில், நீல எழுத்து முறிந்து நின்ற இடத்தில் வைத்தாள். அம்மாவின் ஈரக் கை இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, வந்துட்டேன்" என்றாள்.

பெத்திதா ஈர மணலில் அப்படியே உட்கார்ந்தாள். ஓல்கரின் படகு ஒதுங்கிய நாளில்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.